மையத்திலிருந்து துறைக்கு: பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான துறைத் தொடர்பாளர் உருவான வரலாறு

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு புலத்திலும், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வேண்டிய மாறுதல்களை ஒருங்கிணைக்க ஒருவர் பொறுப்பில் இருப்பார். கேம்பிரிட்ஜில் மைய அலுவலகம் தயாரிக்கும் ஆதரவு ஆவணம், துறையில் இதற்கெனக் குறிக்கப்பட்ட தொடர்பு அலுவலரின் கைக்குப் போகும். ஆக்ஸ்ஃபோர்டில் துறைகளும் கல்லூரிகளும் தத்தமக்கென ஒருங்கிணைப்பாளரை வைத்திருக்கின்றன. பதவிப் பெயர் ஊருக்கு ஊர் மாறினாலும் வேலை ஒன்றுதான். கூடுதல் தேர்வு நேரம், முன்கூட்டியே தரப்படும் விரிவுரைக் குறிப்பு, மாற்று வடிவத் தேர்வு என்று மையம் எழுதிக்கொடுப்பதை வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் நடைமுறைக்குக் கொண்டுவருவது. இக்கட்டுரை அவரைத் துறைத் தொடர்பாளர் என்று குறிப்பிடுகிறது.

ஊனமுற்ற மாணவருக்கு உதவுவது முதலில் அவருடைய சொந்தப் பாடாக இருந்தது. பிறகு அரசின் பணமாகவும், அதற்குப் பின் பல்கலைக்கழகத்தின் ஓர் அலுவலகமாகவும் ஆனது. கடைசியில்தான் பாடம் நடக்கும் துறையின் கடமையாயிற்று. இந்த வரிசையை விளங்கிக்கொண்டால், இன்றைய தொடர்பாளரிடம் பொறுப்பு மிகுந்தும் அதிகாரம் குறைந்தும் இருப்பது ஏன் என்பதும் விளங்கும்.

பணமும் கட்டடமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது முழுக்கத் தனிமனித ஏற்பாடு. 1858இல் தம் 25ஆம் வயதில் வேட்டை விபத்தொன்றில் பார்வையிழந்த ஹென்றி ஃபாசெட், 1863இல் கேம்பிரிட்ஜில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். பின்னாளில் பிரிட்டனின் தபால்துறைத் தலைவராகவும் இருந்தார். பிறர் வாசிக்கக் கேட்டே அவர் தம் பணிகளைச் செய்தார். அவருக்கு அது வாய்த்ததற்குக் காரணம், அவர் அதற்கு முன்பே பட்டம் பெற்றுக் கல்லூரியில் இடம்பிடித்திருந்ததும், உடனிருந்து வாசிக்க ஆள் கிடைத்ததும்தான். அப்படி வாய்க்காதவர்களைப் பற்றிய பதிவு பெரும்பாலும் இல்லை.

நாடாளுமன்ற உறுப்பினர் ஆல்ஃப் மோரிஸ் கொண்டுவந்த 1970ஆம் ஆண்டின் நாட்பட்ட நோயாளர் மற்றும் ஊனமுற்றோர் சட்டம் பல்கலைக்கழகங்களைப் பெயர்சொல்லிக் குறித்தது. அதன் 8ஆம் பிரிவு நுழைவாயில், வாகன நிறுத்தம், கழிப்பறை ஆகியவற்றைப் பற்றிப் பேசியது. அதையும் இயன்ற அளவுக்கும் நியாயமான அளவுக்கும் செய்தால் போதும் என்றது. சக்கர நாற்காலி கட்டடத்துக்குள் வரலாம். வந்த பிறகு பாடம் எப்படி நடக்கும் என்பது சட்டத்தின் கவலையாக இல்லை. 1971இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்த இடத்தில் தனித்து நிற்கிறது. வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பதால் வழக்கமான வளாகங்கள் ஏற்காத ஊனமுற்றோர் பலர் அங்கே சேர்ந்தனர். ஒவ்வொரு மாணவருக்கும் பாடமும் சொல்லித்தந்து ஆலோசனையும் வழங்கும் ஓர் ஆசிரியரை அது ஒதுக்கியது. பாடத்தை அறிந்தவரே மாணவரின் நிலையையும் அறிந்திருக்க வேண்டும் என்ற கருத்து பிரிட்டனில் முதலில் நிறுவன வடிவம் பெற்றது அங்கேதான் என்பது என் கணிப்பு. துறைத் தொடர்பாளரின் முன்னோடியைத் தேடுவோர் அங்கிருந்து தொடங்கலாம்.

1974இல் இரண்டு நிகழ்வுகள். ஊனமுற்ற மாணவர் உதவித்தொகை அறிமுகமானது. பின்னாளில் 'ஸ்கில்' என்று பெயர்பெற்ற தேசிய அமைப்பு மாணவர் தரப்பில் பேசத் தோன்றியது. உதவித்தொகை தொடக்கத்தில் சிறியதாக இருந்தது. 1990இல் அது விரிந்து, உபகரணம், உதவியாளர், பொதுச் செலவு எனப் பிரித்து வழங்கப்பட்டது. குறிப்பெடுப்பவருக்கும் சொல்வதை எழுதுபவருக்கும் இதிலிருந்து ஊதியம் கிடைத்தது. இந்த ஏற்பாடு ஆயிரக்கணக்கானோரைப் படிக்கவைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பணம் மாணவரோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் மாற வேண்டியது மாணவர்தான் என்ற எண்ணமும் கூடவே வந்தது. விரிவுரையாளர் கரும்பலகைக்கு முகம் காட்டிப் பேசிக்கொண்டே போவார். உதட்டசைவைப் படிக்க முடியாத மாணவருக்கு அரசு ஒரு குறிப்பெடுப்பவரைத் தரும். விரிவுரையாளரைத் திரும்பி நிற்கச் சொல்லும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

ஒருங்கிணைப்பாளர் வந்தார்

1992ஆம் ஆண்டுச் சட்டம் பாலிடெக்னிக்குகளைப் பல்கலைக்கழகங்களாக்கியது. இங்கிலாந்துக்கு ஒரு புதிய நிதிக் குழுவையும் தந்தது. அந்தக் குழு 1993 முதல் ஊனமுற்ற மாணவர்களுக்கான சிறப்புத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கியது. பல பல்கலைக்கழகங்களில் இந்த நிதியில்தான் முதல் ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு வந்தார். பெரும்பாலும் தற்காலிகப் பணி, ஒற்றை ஆள். வளாகம் முழுவதற்கும் அவரே.

1995இன் ஊனமுற்றோர் பாகுபாட்டுச் சட்டம் வேலை, கடை, போக்குவரத்து என்று பலவற்றைத் தொட்டது. கல்வியைப் பெரும்பாலும் விலக்கி வைத்தது. உயர்கல்விக்கு அது விதித்ததெல்லாம், ஊனமுற்ற மாணவர்களுக்கு என்ன வசதி உண்டு என்று ஓர் அறிக்கை வெளியிட வேண்டும் என்பதே. சாதாரணக் காகிதக் கடமையாகத் தோன்றினாலும் இதற்கு ஒரு பயன் இருந்தது. அறிக்கை எழுத உட்கார்ந்த நிர்வாகிகள், எந்தத் துறையில் யாரைக் கேட்பது என்று தேட வேண்டியதாயிற்று. அந்தத் தேடலில் ஒவ்வொரு துறையிலும் ஒரு பெயர் எழுதிவைக்கப்படும் வழக்கம் பரவத் தொடங்கியது.

1999இல் உயர்கல்வித் தர உறுதி முகமை வெளியிட்ட நடைமுறை விதித்தொகுப்பின் ஊனமுற்ற மாணவர் பகுதி, சேர்க்கை முதல் தேர்வு, புகார் வரை அனைத்தையும் உள்ளடக்கியது. தகுந்த திறனுடைய பணியாளர்கள் போதிய எண்ணிக்கையில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னது. என்றாலும் துறையை மையமாக வைத்துச் சிந்தித்தது ஸ்காட்லாந்துதான். ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகம் நடத்திய 'டீச்சபிலிட்டி' திட்டம் 2000இல் துறைகளுக்கான ஒரு கையேட்டைத் தந்தது. பாட விவரணம், விரிவுரை, செய்முறை, களப்பயணம், தேர்வு என ஒவ்வொன்றையும் துறை ஆசிரியர்களே எடுத்து வைத்துக்கொண்டு, இதில் யார் நுழைய முடியாது, ஏன் என்று கேட்டுப்பார்க்க அது வழிகாட்டியது. மையத்தில் இருக்கும் வல்லுநருக்கு வேதியியலின் எந்தச் செய்முறையைத் தவிர்க்கலாம், எதைத் தவிர்க்கக் கூடாது என்று தெரியாது, துறைக்குத்தான் தெரியும். அந்த எளிய உண்மையை முறையாக முன்வைத்ததில் இக்கையேட்டுக்கு இணையாக அக்காலத்தில் வேறொன்றை நான் காணவில்லை.

2002க்குப் பின்

2001இல் நிறைவேறிய சிறப்புக் கல்வித் தேவைகள் மற்றும் ஊனமுற்றோர் சட்டம், 2002 செப்டம்பர் 1 முதல் பல்கலைக்கழகங்களைப் பாகுபாட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. துணைக்கருவிகள், உதவிச் சேவைகள் பற்றிய கடமை 2003 செப்டம்பரிலும், கட்டட அமைப்பு பற்றிய கடமை 2005 செப்டம்பரிலும் நடைமுறைக்கு வந்தன. துறைத் தொடர்பாளரை வழக்கமான ஏற்பாடாக்கியவை இச்சட்டத்தின் இரண்டு கூறுகள்.

ஒன்று, முன்னெதிர்நோக்குக் கடமை. மாணவர் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்க முடியாது. ஊனமுற்ற மாணவர்கள் வருவார்கள் என்று வைத்தே பாடத்தைத் திட்டமிட வேண்டும். அது துறையில்தான் முடியும். மற்றொன்று, அறிவு பற்றியது. மாணவர் தம் நிலையைத் தனிப் பயிற்றுநர் ஒருவரிடம் சொல்லிவிட்டால், எங்களுக்குத் தெரியாது என்று பல்கலைக்கழகம் தப்பிக்க முடியாது. தாழ்வாரத்தில் நின்று சொல்லப்பட்ட ஒரு வாக்கியமும் நிறுவனத்தின் அறிவாகக் கருதப்படலாம். அதே வேளையில் இரகசியம் காக்கக் கோரும் உரிமையும் மாணவருக்கு உண்டு. யாரிடம் சொன்னாலும் அது ஓரிடத்துக்கு வந்துசேர வேண்டும். மாணவரின் ஒப்புதலுக்கு மேல் ஒரு சொல்லும் அங்கிருந்து போகக் கூடாது. இந்த இரட்டைத் தேவைக்கு விடையாகவே துறைத் தொடர்பாளர் நிலைபெற்றார். 2010இன் சமத்துவச் சட்டம் இந்தக் கடமைகளைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

நடைமுறையில் அவரிடம் வருவது ஒரு பட்டியல். இந்த மாணவருக்கு 25 விழுக்காடு கூடுதல் நேரம். இவருக்குத் தனி அறை. இவருக்கு விரிவுரைக் குறிப்பு ஒரு நாள் முன்பே. இவருக்கு நோய் முற்றும் நாட்களில் ஒப்படைப்புக்கு அவகாசம். இவற்றைப் பாட ஆசிரியர்களிடம் சேர்க்க வேண்டும். அடிக்கடி விடுபட்டுப்போவது, வகுப்பெடுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் பகுதிநேர ஆசிரியர்களுக்கும் தகவல் போவதுதான். சிறு குழு வகுப்புகளில் மாணவரோடு நேருக்கு நேர் பேசுவது அவர்கள்தான் என்பதால் இந்த விடுபடல் சிறியதன்று.

சுமை பின்னும் கூடியது. 2014 ஏப்ரலில் உதவித்தொகையைக் குறைக்கும் முடிவை அரசு அறிவித்தது. 2016–17 கல்வியாண்டு முதல் வாசிப்பவர், சொல்வதை எழுதுபவர், ஆய்வக உதவியாளர், கையால் குறிப்பெடுப்பவர் போன்ற உதவிகளில் பெரும்பாலானவற்றின் செலவு பல்கலைக்கழகங்களின் தலையில் விழுந்தது. பல இடங்களில் குறிப்பெடுப்பவருக்குப் பதிலாக விரிவுரையைப் பதிவுசெய்யும் கருவி வந்தது. பதிவுசெய்ய ஒப்பாத ஆசிரியரிடம் போய்ப் பேச வேண்டியவர் யார்? தொடர்பாளர். அவர் பெரும்பாலும் அதே துறையின் இளநிலை ஆசிரியர். பேச வேண்டிய எதிராளி, அவருடைய பதவி உயர்வில் கருத்துச் சொல்லக்கூடிய மூத்த பேராசிரியராகவும் இருக்கலாம்.

ஆப்ரஹார்ட் தீர்ப்பு

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இரண்டாமாண்டு இயற்பியல் படித்த நட்டாஷா ஆப்ரஹார்ட் 2018 ஏப்ரல் 30 அன்று, தம் 20ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். கடுமையான சமூகப் பதற்றம் அவருக்கு இருந்தது. ஆய்வகப் பாடத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் பின் வாய்மொழி நேர்காணல். அங்கே அவரால் பேச முடியவில்லை. இது துறையினருக்குத் தெரிந்திருந்தது. பெற்றோர் தொடுத்த வழக்கில் 2022இல் மாவட்ட நீதிமன்றமும், பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டைத் தள்ளி 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றமும், நியாயமான மாறுதல் செய்யும் கடமை மீறப்பட்டது என்றே முடிவுசெய்தன.

இத்தீர்ப்பில் நம் பொருளுக்கு முக்கியமானவை இரண்டு. மைய அலுவலகத்தில் முறையான மதிப்பீடு முடியவில்லை என்ற காரணம் எடுபடவில்லை. துறையினர் கண்ணால் கண்டதே போதிய அறிவாயிற்று. அடுத்து, வாய்மொழித் தேர்வு ஒரு தகுதித் தரம், அதைத் தளர்த்த முடியாது என்ற வாதமும் நிற்கவில்லை. சட்டத்தில் தகுதித் தரத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அறிவியல் சோதனையை விளக்கும் திறன் வேறு, அதை வாய்திறந்து சொல்லும் முறை வேறு, முறையை மாற்றலாம். சமத்துவ, மனித உரிமைகள் ஆணையம் இவ்வழக்கில் தலையிட்டு வாதிட்டதோடு, தீர்ப்பிலிருந்து கற்க வேண்டியவற்றை உயர்கல்வி நிறுவனங்களுக்கு 2024இல் ஆலோசனைக் குறிப்பாகவும் வெளியிட்டது.

எது தரம், எது முறை என்று பிரித்தறிவது கல்விசார் தீர்மானம். தகவலை வாங்கி அனுப்பும் தபால் வேலையாகத் தொடர்பாளர் பொறுப்பை வைத்திருக்கும் துறையில் அந்தத் தீர்மானத்தை எடுக்க ஆளே இல்லை. தேர்வுமுறை முடிவாகும் பாடத்திட்டக் குழுவில் இடமும், பணிச்சுமைக் கணக்கில் நேரமும் அவருக்குத் தரப்படாதவரை, 2002இல் விதிக்கப்பட்ட முன்னெதிர்நோக்குக் கடமையை நிறைவேற்ற வழியில்லை. இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அங்கு படிக்கப் போகும் மாணவர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அரசின் உதவித்தொகை வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. ஆனால் நியாயமான மாறுதல் செய்யும் கடமை சமத்துவச் சட்டத்திலிருந்து வருவது. அது மாணவரின் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. செலவு பல்கலைக்கழகத்தினுடையது. உள்ளூர் மருத்துவச் சான்றோடு, சேர்க்கை உறுதியானதும் மைய அலுவலகத்துக்கும் துறைத் தொடர்பாளருக்கும் எழுதிவிடுவது நல்லது. வகுப்பு தொடங்கிய பிறகு எழுதினால், முதல் பருவத்தின் ஆய்வக அட்டவணையும் தேர்வுமுறையும் அதற்குள் முடிவாகியிருக்கும்.