ஆறு ஸ்பீக்கர், இரண்டு காது

இன்றைய பதிவு ஒரு டிஸ்க் பிளேயரைப் பற்றியது. "டாக்டருக்கு இது எதுக்கு?"ன்னு கேட்காதீங்க. கடைசி வரை படிங்க, புரியும்.

போன மாதம் காட்டாங்குளத்தூரில் என்னிடம் ஒரு ஐயா வந்தார். வயது 62. பக்கத்து மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில், பிரஸ் ஷாப்பில் 28 வருட வேலை. காதுக்கு அடைப்பான் போட்டதே இல்லை.

"சார், பையன் வெளிநாட்டுல இருந்து எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோன்னு இருபது டிஸ்க் கொண்டு வந்திருக்கான். எல்லாம் 5.1. அதைப் போடுற பழைய பிளேயர் ஒண்ணுக்கு லட்ச ரூபாய் கேக்குறாங்க. பிஎஃப் பணம் இருக்கு. வாங்கிடலாமா?"

பதிலுக்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

1) 1986. ரஜினி நடித்த 'மாவீரன்'. தமிழின் முதல் 70 எம்எம் படம். ஆறு தடத்தில் ஒலி. அந்த ஒலி ஃபிலிம் ஓரத்திலேயே காந்தப் பூச்சாக ஓடியது. பிரிண்ட் செலவு எக்கச்சக்கம்.

2) 1993. 'ஜுராசிக் பார்க்' படத்தோடு டிடிஎஸ் வந்தது. ஃபிலிமில் நேரக்குறியீடு மட்டும். ஒலி முழுக்கத் தனி சிடியில். இரண்டையும் ஒரு கருவி சேர்த்து ஓட்டும். 1996இல் வந்த 'கருப்பு ரோஜா'வை இந்தியாவின் முதல் டிடிஎஸ் படம் என்பார்கள். ஆக, நம்ம ஊர் ஜனங்க பல சேனல் டிஸ்க் பிளேயரை முதலில் கேட்டது தியேட்டர் ஆபரேட்டர் ரூமிலிருந்துதான்!

3) வீட்டுக்கு? 1982இல் வந்த சிடியில் இரண்டே சேனல். 1999இல் சோனியும் பிலிப்ஸும் எஸ்ஏசிடியைக் கொண்டு வந்தன. 2000இல் போட்டிக்கு டிவிடி ஆடியோ. அதன் உயர்தர ஒலி இதன் பிளேயரில் வராது, இதனுடையது அதில் வராது. காப்பி அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் டிஜிட்டல் வழியையும் அடைத்தார்கள். பிளேயருக்குப் பின்னால் ஆறு வயர் செருக வேண்டும். 2005இல் வந்த எச்டிஎம்ஐ 1.2 எஸ்ஏசிடி ஒலியை ஒரே வயரில் கொண்டுபோனது. ஆனால் 2001இலேயே ஐபாட் வந்துவிட்டது. ஜனங்க பாக்கெட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இரண்டு வகையையும் போடும் பிளேயருக்குப் பேர்போன ஓப்போ டிஜிட்டல் 2018இல் கடையைக் கட்டியது. பழைய பெட்டிக்கு லட்ச ரூபாய் கேட்பது இதனால்தான்.

4) இப்போது மருத்துவம். நல்ல இளம் காது கேட்பது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை. சிடியே அதைத் தாண்டிவிடும். 2007இல் மேயர், மோரன் இருவரும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். உயர்தர டிஸ்க் ஒலியையும், அதையே சிடி தரத்துக்கு இறக்கிய ஒலியையும் ஒளித்துவைத்துக் கேட்க வைத்தார்கள். 554 முயற்சியில் 276 சரி. அதாவது காசு சுண்டிப் போட்ட கணக்கு.

5) ஆனால் திசை வேறு விஷயம். ஒரு ஒலி இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசம் அதிகபட்சம் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு. அதை வைத்தே மூளை இடமா வலமா என்று சொல்லிவிடும். இதற்கு 1,500 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியே போதும்.

ஐயாவின் ஆடியோகிராம் வந்தது. இரண்டு காதிலும் 4,000 ஹெர்ட்ஸில் பெரிய பள்ளம். இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கே உரிய அடையாளம். போன கேட்புத்திறன் திரும்பாது.

சொன்னேன்: "ஐயா, லட்ச ரூபாய் கொடுத்து வாங்குற அந்த உயர்தரம் உங்க காதுக்கு எட்டாது. என் காதுக்கும் எட்டாது. ஆனா சுத்தி வர்ற பாட்டு உங்களுக்குக் கேட்கும். முதல்ல காது மெஷின், மிச்சத்துல பிளேயர்."

வாங்குபவர்கள் பார்க்க வேண்டியவை:

✅ எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ இரண்டும் போடுமா? சோனி யுபிபி-எக்ஸ்800 மாதிரி சில ப்ளூரே பிளேயர்கள் போடும்.

✅ உங்கள் ரிசீவரில் எச்டிஎம்ஐ இருக்கிறதா? இல்லையென்றால் ஆறு அனலாக் அவுட் உள்ள பிளேயர் வேண்டும்.

✅ பழையது என்றால் உங்கள் டிஸ்க்கையே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

✅ வால்யூம்: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பிரஸ் ஷாப்பில் இருக்கும் தம்பிகளே, பிளேயர் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். காது அடைப்பானை நாளைக்கே கேட்டு வாங்குங்கள்.