ஓடுபாதை இல்லாத ஊருக்கு வானூர்தி

உலங்குவானூர்திச் சத்தம் கேட்டால் எங்கள் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது பதுங்குகுழிதான். ஆனால் 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டம் மூழ்கியபோது, வீதி துண்டிக்கப்பட்ட கிராமங்களுக்கு உணவுப்பொதிகள் கொண்டுவந்ததும் உலங்குவானூர்திகளே. ஆகவே இந்தத் தொழில்நுட்பம் எமக்கு எதற்கு உதவும் என்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

நான் வாழும் சித்தாண்டியிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை சுமார் 20 கிலோமீற்றர். எங்களுக்குப் பிரதான வீதி இருக்கிறது. மாரியில் முந்தனையாறு பெருகினால் கிரான் - புலிபாய்ந்தகல் வீதி நீருக்குள் போய்விடும். அப்பாலுள்ள படுவான்கரை மக்களுக்குப் படகோ உழவு இயந்திரமோதான் வழி. பாம்பு கடித்தவருக்கும் பிரசவ வலி கண்ட தாய்க்கும் அந்தத் தாமதம் உயிர்ப் பிரச்சினை.

குறுகிய ஓடுபாதை வானூர்திகளின் இரகசியம் அகன்ற இறக்கையும் வலுவான இயந்திரமும். குறைந்த வேகத்திலேயே அவை மேலெழும். கனடாவின் ட்வின் ஒட்டர் 1965இல் முதன்முதலாகப் பறந்தது. 19 பயணிகள் வரை ஏற்றும் அது, சுமார் 400 மீற்றருக்குள் எழும்பிவிடும். நேபாளத்தின் லுக்லாவில் 527 மீற்றர் ஓடுபாதையில் இத்தகைய வானூர்திகளே இறங்குகின்றன. மாலைதீவில் இதே வகை மிதவைகளுடன் கடலில் இறங்குகிறது. எங்கள் வாவியும் நீண்டதுதான். ஆனால் ஆழம் குறைந்த இடங்களும், மீனவரின் வலைகளும் தோணிகளும் உள்ள நீர்ப்பரப்பு அது. நினைத்த இடத்தில் இறங்க முடியாது.

உலங்குவானூர்திக்கு ஓடுபாதையே வேண்டாம், ஒரு பாடசாலை மைதானம் போதும். ஆனால் அதன் முழுப் பாரத்தையும் இயந்திரமே சுழலும் தகடுகளால் தூக்க வேண்டியிருப்பதால் எரிபொருளும் பராமரிப்பும் மிக அதிகம். அன்றாடப் போக்குவரத்துக்கு அது கட்டாது. உயிர் காக்கும் அவசரத்துக்கே பொருந்தும்.

ருவண்டாவில் 2016 முதல் சிப்லைன் நிறுவனத்தின் ஆளில்லா வானூர்திகள் வைத்தியசாலைகளுக்கு இரத்தம் கொண்டுசெல்கின்றன. விசைப்பொறியிலிருந்து ஏவப்பட்டு, பொதியைப் பரசூட்டில் இறக்கிவிட்டுத் திரும்புகின்றன. நோயாளியை ஏற்ற முடியாது, மருந்தை அனுப்பலாம்.

எமக்குத் தேவையானவை பெரிய செலவுக்குரியவை அல்ல. வெள்ளம் ஏறாத மேட்டுநிலங்களை ஒவ்வொரு கிராமத்திலும் இறங்குதளமாக முன்கூட்டியே குறித்து, மின்கம்பி, மரம் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். யாரை அழைப்பது என்பது மாரிக்கு முன்பே மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வானூர்தி வரும் என்று சொல்லிப் பாலத்தையும் வீதியையும் தள்ளிப்போட எவருக்கும் இடம் கொடுக்கக்கூடாது.