பேராதனையும் பசுமை பற்றிய வினாவும்

1942இல் கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. ஹந்தானை மலைச்சாரலையும் மகாவலியையும் தழுவி எழுந்த இவ்வளாகம் கண்ணுக்கினியது. ஆயின், பசுமையானவை யாவும் நிலைபேறுடையனவா? அம்மலையிலேயே பைன் தோப்புகளும் உள்ளன. அவையும் பசுமையே, எனினும் அயல்நாட்டு மரமொன்றே செறிந்த அத்தோப்புகளிலே வறட்சிக்காலத்தில் தீ எளிதிற் பரவும்.

பைனைப் போற்றுவதா, அழிப்பதா என்ற வாதத்தோடு பேராதனை ஆய்வாளர் அமைந்துவிடவில்லை. அயல்நாட்டு அறிஞருடன் இணைந்து சிங்கராஜ வனத்தின் எல்லையிலே அவர்கள் நடத்திய பரிசோதனையின் முடிவு 1997இல் வெளியாயிற்று. பைன் வரிசைகள் சிலவற்றை அகற்றிய இடைவெளிகளில் உள்நாட்டு மரக்கன்றுகள் செழித்து வளர்ந்தன என்பதே அது.

காட்டிடம் தொடுத்த வினாவை, வளாகம் தனது நீர், மின்சாரம், கழிவு ஆகியவற்றிடமும் தொடுத்தல் வேண்டும். அன்றேல், மரநடுகை வெறுஞ் சடங்காகவே எஞ்சும்.