பூனைக்கு மணி கட்டிய சிங்கப்பூர்

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூட்டம் போட்டுப் பேசிய கதை எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூரில் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 35 ஆண்டுகள் ஆயின. அங்கே கூட்டம் போட்டவர்கள் எலிகள் அல்ல, பூனை வளர்ப்பவர்கள்!

சிங்கப்பூர் மக்களில் பெரும்பாலோர் குடியிருப்பது 1960-ல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில். அங்கே அனுமதிக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த சிறிய நாய் ஒன்றை உரிமம் பெற்று வளர்க்கலாம். முயல், பறவை, மீன் வளர்க்கவும் தடையில்லை. ஆனால் 1989 முதல் பூனைக்கு மட்டும் இடமில்லை. பூனையை வீட்டுக்குள் அடைத்து வைக்க முடியாது, முடி கொட்டும், பொது இடங்களை அசுத்தம் செய்யும், கத்தி அக்கம்பக்கத்தாரைத் தொல்லை செய்யும் என்று வீவக காரணங்கள் சொன்னது. விதியை மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தடை வந்த சில ஆண்டுகளிலேயே, சுற்றுலாப் பயணிகளைக் கவர நாடு தேர்ந்தெடுத்த சின்னம் 'சிங்கப்பூரா' என்ற பூனைதான். அதற்கு 'குச்சிந்தா' என்று பெயரும் வைத்தார்கள். மலாய் மொழியில் 'குச்சிங்' என்றால் பூனை, 'சிந்தா' என்றால் அன்பு. ஆற்றங்கரையில் பூனைக்குச் சிலை, அடுக்குமாடியில் பூனைக்குத் தடை!

சரி, தடை போட்டதும் பூனைகள் மறைந்துவிட்டனவா? இல்லை. ஒளிந்து வாழ்ந்தன, வளர்த்தவர்களும் சேர்ந்து ஒளிந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் கொடுத்தால் போதும், பல ஆண்டு வளர்த்த பூனையை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டிய நிலை. வயதானவர்களுக்கும் தனியே இருப்பவர்களுக்கும் அது சின்ன இழப்பா?

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடாது என்பார்கள். இங்கே கண்ணை மூடிக்கொண்டது சட்டம். சட்டப்படி வீட்டில் இருக்கவே கூடாத பூனைக்குக் கருத்தடை செய், மாடியிலிருந்து விழாமல் ஜன்னலுக்கு வலை போடு என்று எப்படிக் கட்டளையிட முடியும்?

தெருப்பூனைகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். அவற்றுக்குக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடும் திட்டம் 1998-ல் தொடங்கியது. 2003-ல் சார்ஸ் நோய் பரவிய நேரத்தில் அது நிறுத்தப்பட்டது, பூனைகள் பிடித்துக் கொல்லப்பட்டன. 1999-ல் உருவான பூனைகள் நலச் சங்கமும் தொண்டர்களும் விடாமல் போராடினார்கள். 2011-ல் கருத்தடைத் திட்டம் அரசு உதவியோடு மீண்டும் வந்தது.

அடுத்த ஆண்டு, 2012-ல், சோங் பாங் வட்டாரத்தில் ஒரு முன்னோடித் திட்டம். அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் சட்ட அமைச்சருமான கா. சண்முகம் இதற்குத் துணை நின்றார். அங்கே வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். ஆனால் கருத்தடையும், உடலில் பொருத்தும் மைக்ரோசிப்பும், ஜன்னல் வலையும் கட்டாயம். முடியாது என்று சொல்லப்பட்டது நிபந்தனையோடு முடியும் என்று அங்கே தெரிந்தது. ஆனாலும் நாடு முழுவதற்கும் அந்த வழி வர இன்னும் 12 ஆண்டுகள் பிடித்தன.

2024 செப்டம்பர் 1 அன்று தடை நீங்கியது, உரிமம் வந்தது. வீவக வீட்டில் இரண்டு பூனை, தனியார் வீட்டில் மூன்று. மைக்ரோசிப் கட்டாயம். முதல்முறை உரிமம் கேட்பவர் இணையத்தில் ஒரு பாடமும் படிக்க வேண்டும். பதிவு செய்ய 2026 ஆகஸ்டு 31 வரை அவகாசம் குறிக்கப்பட்டது.

இதிலும் மனக்குறை இல்லாமல் இல்லை. தெருவில் அடிபட்ட பூனைகளை எடுத்து வந்து காப்பாற்றுபவர்களிடம் இரண்டோடு நிறுத்து என்றால் எப்படி? ஏற்கெனவே அதிகம் வைத்திருப்பவர்கள் அவகாச காலத்துக்குள் எல்லாவற்றையும் பதிந்து வைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை தரப்பட்டது. ஆனால் மூன்றாவது பூனை நாளை வாசலில் வந்து நின்றால் அந்தச் சலுகை உதவாது.

உரிமம் என்றாலே படிவம், கட்டணம், எரிச்சல்தான். ஆனால் சிங்கப்பூர் வரலாறு காட்டுவது ஒன்று உண்டு. உரிமம் இல்லாத 35 ஆண்டுகளில் பூனை வளர்ப்பவருக்குக் கடமை எதுவும் இல்லை, உரிமையும் இல்லை, பயம் மட்டும் இருந்தது. மணி கட்டிய பூனைக்குக் கழுத்தில் கொஞ்சம் உறுத்தல் இருக்கலாம். ஆனால் அழைப்பு மணி அடித்தால் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைக்க வேண்டியதில்லை.