சொல்லிக் குடுக்காத மருந்து

எங்கள் பெரியம்மா திரிசூலம் கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர். 1994இல் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகச் சொன்னார்கள். ராத்திரியெல்லாம் தூங்காமல் தனக்குத்தானே பேசுவார். கூலி பாக்கி வைத்த மேஸ்திரி வீட்டு வாசலில் போய் நின்று கத்துவார். முதலாவது நோய், சரி. இரண்டாவதும் நோய்தானா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏற்றி ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். நாலு பேர் அமுக்கிப் பிடிக்க ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்தபின் மாத்திரையைப் பொடித்து ரசஞ்சோற்றில் பிசைந்தோம். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார். "ஏன்டா, இன்னாத்துக்குன்னு சொல்லிக் குடுத்தா நான் துன்ன மாட்டனா?"

கம்பெனிக்காரன் மதறாஸில் பைத்தியக்கார விடுதி தொடங்கியது 1794இல். கீழ்ப்பாக்கத்துக்கு அது வந்தது 1871இல். நடுவில் 1858இல் ஒரு சட்டம், பிறகு 1912இல் இந்தியப் பைத்தியச் சட்டம். யாரைப் பிடிப்பது, யார் உத்தரவில் பூட்டுவது, சொத்தை யார் பார்ப்பது என்பதுதான் அவற்றின் கவலை. உள்ளே போனவருக்கு வாய் உண்டு என்ற நினைப்பே இல்லை. வெள்ளைக்காரன் போனபிறகும் அந்த 1912 சட்டம்தான் 1993 ஏப்ரல் வரை நம்மை ஆண்டது. அதற்குப் பதிலாக 1987இல் நிறைவேற்றிய மனநலச் சட்டத்தை ஆறு வருஷம் கிடப்பில் போட்டிருந்தார்கள். அது வந்தும் என்ன? உறவினரோ நண்பரோ விண்ணப்பித்து இரண்டு டாக்டர் சான்று தந்தால் 90 நாள் உள்ளே வைக்கலாம். எனக்கு இந்த மருந்து வேண்டாம் என்று சொல்லும் உரிமை அதில் இல்லை.

அமெரிக்காவில் பாஸ்டன் அரசு மருத்துவமனை நோயாளிகள் இதே கேள்வியை 1975இல் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவசரம் இல்லாதபோது கட்டாய மருந்து கூடாது என்று 1979இல் தீர்ப்பு வாங்கினார்கள். நாம் ஃபூக்கோவை விழுந்து விழுந்து படித்தோம். கீழ்ப்பாக்கம் மதிலுக்குள் எட்டிப்பார்த்து எழுதியவர்கள் எனக்குத் தெரிந்து சொற்பம்.

குற்றம் ஏதும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்டவிரோதம் என்று ஷீலா பார்சே வழக்கில் 1993இல் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனால் நாட்டை உலுக்க ஏர்வாடி எரியவேண்டியிருந்தது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, தர்கா ஊரில் ஒரு கொட்டகைக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக்கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது.

2007இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதன் தொடர்ச்சியாக வந்த 2017ஆம் வருஷச் சட்டம் 2018 மே 29இல் அமலானது. சங்கிலி தடை. தன் விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்கப்பட்டவர் மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம், இலவசச் சட்ட உதவி கேட்கலாம். அவசரச் சிகிச்சை 72 மணி நேரத்துக்குத்தான். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம், ஆனால் அவசரத்தில் அது செல்லாது. தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் அலைகிறவரைப் போலீஸ் பிடித்தால் லாக்கப்பில் வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும்.

3ஆம் பிரிவை மட்டும் நம் சேரிகளில் உரக்க வாசிக்கவேண்டும் என்பேன். ஒருவரின் சமூக, பொருளாதார நிலையை வைத்தோ, ஊர் ஒழுக்கத்துக்கு ஒத்துவராததை வைத்தோ மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது அது. கூலி கேட்டுக் கத்திய சேரிப் பொம்பளைக்கு அது 23 வருஷம் தாமதம்.

14ஆம் பிரிவு இன்னொன்று சொல்கிறது. தனக்காகப் பேச ஒருவரை நாமே நியமிக்கலாம். வெள்ளைத்தாள் போதும், கையெழுத்துக்குப் பதில் கைநாட்டும் செல்லும். பெரியம்மாவிடம் அன்றைக்குக் கேட்டிருந்தால் எங்களில் யாரையும் சொல்லியிருக்க மாட்டார். குவாரியில் கூட ஜல்லி உடைத்த சிநேகிதி ஒருத்தி இருந்தாள். அவளைத்தான் சொல்லியிருப்பார்.