ஜொகூர்க் கடற்பகுதியில் படைகளிடையே தகவல் பகிர்வு

மலேசியாவும் அண்டை நாடுகளும் நட்புப் படைகளும் கப்பல்கள் பற்றிய செய்தியை ஒரே பொருளில் புரிந்துகொள்ள வளர்த்த ஏற்பாடுகள் பல. செய்தி அனுப்புவது எளிது. வந்த செய்தியை அனுப்பியவர் கருதிய பொருளிலேயே படிப்பதுதான் கடினம். ஜொகூருக்கும் எதிரே உள்ள இந்தோனேசியாவின் பாத்தாமுக்கும் கடிகாரத்தில் ஒரு மணி நேர வித்தியாசம். நேரம் எந்த நாட்டுடையது என்று குறிக்காவிட்டால் ஒரே கப்பல் இரண்டாகிவிடும். வகைப்பாடு இன்னும் சிக்கலானது. 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டின் ஆட்சிக் கடலுக்கு வெளியே நடப்பதே கடற்கொள்ளை. உள்ளே நடந்தால் ஆயுதக் கொள்ளை. கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கும் கடற்கொள்ளைப் புகார் மையமும் ஆசியக் கடற்கொள்ளைத் தடுப்பு ஒப்பந்தமான ரீகாப்பின் கீழ்ச் சிங்கப்பூரில் 2006இல் தொடங்கிய மையமும் சம்பவங்களை வெவ்வேறு முறையில் வகைப்படுத்துகின்றன. ஆண்டுக் கணக்குகள் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை.

1971இல் மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து செய்துகொண்ட ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டின் வான்காப்புத் தலைமையகம் பட்டர்வொர்த்தில் அமைந்தது. 1998 டிசம்பர் 1 முதல் மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளைக் கடக்கும் பெரிய கப்பல்கள் தம்மை அறிவிப்பது கட்டாயமானது. கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் நிலையங்கள் பகுதி பிரித்துக் கண்காணித்தன.

2004 ஜூலையில் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா ஒருங்கிணைந்த ரோந்தைத் தொடங்கின. அடுத்த ஆண்டு ஜூனில் லண்டன் காப்பீட்டுச் சந்தை மலாக்கா நீரிணையைப் போர் அபாயப் பட்டியலில் சேர்த்தது. செப்டம்பரில் வான் ரோந்து வந்தது. ஒரே விமானத்தில் பல நாட்டு அதிகாரிகள் பறந்தார்கள். எந்தக் கணினியையும்விட இது பயன்பட்டிருக்கும் என்றே தோன்றுகிறது: கீழே தெரியும் படகு சந்தேகத்துக்குரியதா என்பதை அங்கேயே பேசித் தீர்க்கலாம். 2006 ஆகஸ்ட்டில் அந்தப் பட்டியலிலிருந்து நீரிணை நீக்கப்பட்டது. 2008இல் தாய்லாந்தும் ரோந்தில் சேர்ந்தது. 2009இல் சிங்கப்பூர்க் கடற்படை சாங்கியில் தகவல் ஒருங்கிணைப்பு மையம் திறந்தது. அங்கே பல நாட்டுத் தொடர்பு அதிகாரிகள் அருகருகே பணியாற்றுகிறார்கள்.

2015 ஜூன் 11 இரவு, மலாக்காவிலிருந்து குவாந்தான் சென்ற ஓர்க்கிம் ஹார்மனி என்ற எண்ணெய்க் கப்பல், 22 பணியாளர்களோடும் சுமார் 6,000 டன் பெட்ரோலோடும் ஜொகூரின் கிழக்குக் கடலில் மறைந்தது. ஆஸ்திரேலிய விமானப்படையின் ஓரியன் ரோந்து விமானம் அதைக் கண்டபோது, பெயரின் முன்னும் பின்னும் எழுத்துகள் அழிக்கப்பட்டுக் 'கிம் ஹார்மன்' என்றிருந்தது. பெயர் மாறினாலும் மாறாத அடையாளம் கப்பலின் ஏழு இலக்கப் பன்னாட்டுப் பதிவு எண். கப்பல் பற்றிய தகவலில் அந்த எண்ணைக் கேட்பது இதனால்தான். ஒரு வாரத்துக்குப் பின் மலேசியக் கடற்படை கப்பலை மீட்டது. பணியாளர் அனைவரும் உயிர் தப்பினர். உயிர்காப்புப் படகில் தப்பிய கடத்தல்காரர்கள் எட்டுப் பேர் வியட்நாமின் தோ சூ தீவில் பிடிபட்டனர்.