முலாமும் தேய்மானமும்: கைவிளக்கின் உலோக உடல்

கைவிளக்கின் வரலாறு பெரும்பாலும் அதன் ஒளியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. கரி இழை பல்பு, டங்ஸ்டன் இழை பல்பு, எல்.இ.டி. என்று அந்த வரிசை நீளும். அந்த ஒளியை ஏந்திய குழலுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதும், அக்குழலை எந்த உலோகத்தால் செய்வது, அதன் மேற்பரப்பைக் கைவியர்வையிலிருந்தும் சட்டைப்பையின் உரசலிலிருந்தும் எவ்வாறு காப்பது என்னும் கேள்விகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தயாரிப்பாளர்களை ஓயவிடாமல் வைத்திருந்தன என்பதும் போதிய கவனம் பெறவில்லை. முலாம் பூசிய பித்தளை, ஆக்சைடு படலம் வளர்த்த அலுமினியம், பூச்சே இல்லாத செம்பு என்று அவர்கள் கண்ட விடை ஒவ்வொன்றும் தேய்மானம் எந்த இடத்தில், எந்த நிறத்தில் வெளிப்படும் என்பதைத் தீர்மானித்தது. ஆகவே பழைய விளக்கு ஒன்றைக் கையில் எடுப்பவர், அதன் தழும்புகளைக் கொண்டே அது எந்தக் காலத்தது, எப்படிப் புழங்கியது என்று ஓரளவு சொல்லிவிட முடியும்.

தொடக்க காலக் கைவிளக்கின் உடல் உலோகமே அன்று. நியூயார்க்கில் வாழ்ந்த ஆங்கிலேயரான டேவிட் மிசெல் 1899 ஜனவரி 10 அன்று பெற்ற அமெரிக்கக் காப்புரிமையைக் கொண்டு, ருஷ்யப் பேரரசின் மின்ஸ்க் பகுதியிலிருந்து குடியேறிய கான்ராட் ஹூபர்ட்டின் நிறுவனம் விற்ற விளக்கு, காகிதமும் நாரும் சேர்ந்த ஒரு குழலின் இரு முனைகளிலும் பித்தளை மூடி பொருத்தப்பட்டதாகவே இருந்தது. அந்தக் குழல் நனைந்தால் ஊறியது, விழுந்தால் நசுங்கியது. அதற்குள் வரிசையாக நின்ற உலர் மின்கலங்கள், அதாவது தமிழகத்தில் பேட்டரிக் கட்டை என்று வழங்கும் துத்தநாகக் குப்பிகள், கசியத் தொடங்கியதும் குழலும் அவற்றோடு வீணாயிற்று. எனவே அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் உடல் முழுவதும் உலோகத்துக்கு மாறியது.

தேர்ந்தெடுக்கப்பட்ட உலோகம் பித்தளை; அதன் மேல் நிக்கல் முலாம். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை, மெல்லிய தகடாக இருக்கும்போதே குழலாக இழுபடும். மின்சாரத்தை நன்கு கடத்துவதால் விளக்கின் உடலையே மின்சுற்றின் ஒரு பாதியாகப் பயன்படுத்தவும் இடம் தரும். இதனால்தான் பழைய பித்தளை டார்ச்சின் உட்புறத்தில், கட்டைகள் உலோகத்தைத் தொடாதபடி, ஓர் அட்டைக் குழல் செருகப்பட்டிருக்கும். ஆனால் பித்தளை காற்றுப் பட்டால் மங்கும், வியர்வை பட்டால் கறுக்கும், கையில் ஒரு நாற்றத்தையும் விட்டுச் செல்லும். இவற்றைத் தவிர்க்கவே மின்பகுப்பு முறையில் நிக்கலின் மெல்லிய படலம் அதன் மேல் ஏற்றப்பட்டது. முலாம் என்பது அடியிலுள்ள உலோகத்தின் மேல் வேறொரு உலோகத்தை ஒட்டவைப்பது. ஆதலால் அது தேயும்போது அடியிலிருப்பது வேறு நிறத்தில் வெளியே தெரியும்.

அக்கால டார்ச்சுகளின் குழலில் நீளவாட்டில் வரிவரியாக எழுந்து நிற்கும் மேடுகள் மெல்லிய தகட்டுக்கு விறைப்பையும் கைக்குப் பிடிப்பையும் தந்தன. உள்ளங்கை அழுந்துவதும் அந்த மேடுகளில்தான் என்பதால் நிக்கல் முதலில் அங்கேயே தேய்ந்து, வெள்ளிநிறக் குழலின் மேல் மஞ்சள் கோடுகள் இணையிணையாகத் தோன்றின. விசையின் பித்தான் நகரும் பாதையின் இருமருங்கிலும், கட்டை மாற்றும்போது திருகப்படும் அடிமூடியின் விளிம்பிலும் அதே மஞ்சள் வெளிப்பட்டது. ஒரு கை எங்கே பற்றியது, கட்டைவிரல் எங்கே ஊன்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு வேறு எந்த வீட்டுப் பொருளிலும் எளிதில் கிடைக்காது. மலிவான விளக்குகளில் பித்தளைக்குப் பதிலாக இரும்புத் தகடு இருந்தது. அவற்றில் முலாமின் நுண்துளைகள் வழியே ஈரம் புகுந்து துரு கொப்புளங்களாக எழும்பி, நிக்கலைச் செதில் செதிலாகப் பெயர்த்தது.

இந்தப் பித்தளை மரபு அமெரிக்காவில் மறைந்த பின்னரும் இந்தியாவில் நெடுங்காலம் நீடித்தது. 1934இல் கல்கத்தாவில் எவரெடி கம்பெனி (இந்தியா) என்று பதிவாகி, பின்னர் யூனியன் கார்பைடு இந்தியா எனப் பெயர் மாறிய நிறுவனம், 1952இல் சென்னையில் பேட்டரித் தொழிற்சாலையையும் 1958இல் லக்னோவில் டார்ச் தொழிற்சாலையையும் தொடங்கியது. மின்சாரம் எட்டாத ஊர்களில் இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சச் செல்வோர், ஆற்றங்கரையிலும் தோட்டத்திலும் காவல் இருப்போர் கையிலெல்லாம் இரண்டு கட்டை, மூன்று கட்டை டார்ச்சுகள் இடம்பெற்றன. கடையில் விளக்கின் அளவைச் சொல்லிக் கேட்பதற்கும் கட்டையின் எண்ணிக்கையே வழக்காயிற்று. இவ்விளக்குகளை அழித்தது உரசலைவிடக் கசிவுதான். தீர்ந்துபோன கட்டைகளை எடுக்காமல் விட்டால் துத்தநாகக் குப்பி அரிக்கப்பட்டு, உள்ளிருக்கும் நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு, பித்தளையைத் தொட்டுப் பச்சைக் களிம்பாகப் படிந்தது. அடிமூடியின் ஸ்பிரிங் முதலில் அரிபட்டது.

அலுமினியம் வந்தபோது மேற்பரப்பைக் காக்கும் கொள்கையே மாறியது. 1960களின் இறுதியில் கலிபோர்னியக் காவல் பணியிலிருந்த டான் கெல்லர், தகட்டு டார்ச்சுகள் உடைந்துபோவதில் சலித்து, கனத்த அலுமினியக் குழலால் கெல்-லைட் என்னும் விளக்கை உருவாக்கினார். அவ்வகை விளக்கை உலகறியச் செய்தவர், நியூயார்க்கில் 1930இல் பிறந்து, குரோஷியாவின் ஸ்லாரின் தீவில் வளர்ந்து, 1950இல் அமெரிக்கா திரும்பிய அந்தோணி மக்லிகா. லேத் பட்டறைத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய அவருடைய நிறுவனம் 1979இல் மேக்லைட்டையும், 1984இல் இரண்டு சிறிய கட்டைகளில் எரியும் மினி மேக்லைட்டையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தகட்டை இழுத்து வடிக்கும் கலையிலிருந்து உலோகத்தைக் கடைந்தெடுக்கும் கலைக்குக் கைவிளக்கு மாறியது இவர்களால்தான். பிடிமானத்துக்காகக் குழலின் மேல் வைரவடிவக் குறுக்குக் கோடுகளைப் பதிக்கும் நர்லிங் என்னும் வேலைப்பாடும் அப்போதுதான் கைவிளக்கின் அடையாளமாயிற்று.

இக்குழல்களின் மேல் பூசப்பட்டது வேறொரு உலோகம் அன்று. அனோடைசிங் எனப்படும் முறையில், அலுமினியப் பொருளைக் கந்தக அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு, மின்சுற்றின் நேர்முனையோடு இணைத்தால், அலுமினியமே ஆக்சைடாக மாறி ஒரு படலமாக வளரும். அதன் ஒரு பகுதி உலோகத்துக்குள் இறங்கியும் ஒரு பகுதி வெளியே எழும்பியும் நிற்பதால் அது முலாமைப்போல் உரிந்து வராது. கடல் விமானங்களின் பாகங்களை உப்பரிப்பிலிருந்து காக்க 1923இல் இங்கிலாந்தில் குரோமிக் அமிலத்தைக் கொண்டு தொடங்கிய இம்முறை, சில ஆண்டுகளில் கந்தக அமிலத்துக்கு மாறியது. படலத்தின் நுண்துளைகளில் சாயம் ஏற்றிக் கொதிநீரில் துளைகளை அடைத்தால் கறுப்போ சிவப்போ நிலைபெறும். ஆயினும் வெயிலில் நெடுநாள் கிடந்த கறுப்பு விளக்கு ஊதாவாகவோ வெண்கல நிறமாகவோ வெளுப்பதற்குக் காரணம் சாயம் கெடுவதே, படலம் தேய்வது அன்று.

கனத்த அலுமினிய உடலால் விளைந்த கேட்டையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். நான்கு, ஐந்து கட்டைகள் நிறைந்த விளக்கு காவலர் கையில் குண்டாந்தடியாயிற்று. 2004இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒருவர் அத்தகைய விளக்கால் அடிபட்ட காட்சி தொலைக்காட்சியில் வெளியான பின், அந்நகரக் காவல்துறை சிறிய, இலேசான விளக்குக்கு மாறியது. உடலின் உறுதி மனிதரை அடிக்கப் பயன்படும் என்றால் அந்த உறுதியைக் குறைப்பதே நியாயம் என்ற முடிவு காலந்தாழ்ந்து வந்தாலும் சரியானதே.

அதற்கு முன்பே விளக்கு இடுப்புப் பட்டையிலிருந்து சட்டைப்பைக்கு இறங்கத் தொடங்கியிருந்தது. 1980களில் மூன்று வோல்ட் லித்தியம் கலங்களில் எரிந்த ஷூர்ஃபயர் விளக்குகளும், 1990களில் நிச்சியா நிறுவனத்தின் வழியே வந்த வெள்ளை எல்.இ.டி.யும் விரலளவு விளக்கைச் சாத்தியமாக்கின. சாவி, பேனாக்கத்தி, விளக்கு என நாள்தோறும் உடன் கொண்டுசெல்லும் பொருள்களைத் தேர்ந்து பேணும் வழக்கம் அமெரிக்காவில் பரவியபோது, அவ்விளக்குகளுக்குக் கடின அனோடைசிங் தரவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் பரவியது. அமிலத்தை ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்து, மிகுந்த மின்னோட்டத்தில் வளர்க்கப்படும் இப்படலம் அமெரிக்க இராணுவ நிர்ணயத்தில் மூன்றாம் வகை எனப்படுகிறது. அதன் வழக்கமான கனம் ஏறத்தாழ 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கு. சாயமிடாமலே அது சாம்பலும் பச்சையும் கலந்த நிறம் கொள்ளும்.

இத்தனை கடினமான படலமும் தேயாமல் இல்லை. ஆனால் அது தேயும் விதம் நுட்பமானது. படலம் எப்போதும் பரப்புக்குச் செங்குத்தாகவே வளர்வதால், கூரான விளிம்பில் இரு பக்கத்துப் படலங்களும் ஒன்றையொன்று எட்டாமல் இடையே ஒரு விரிசலை விடுகின்றன. அங்கே அது பொடிப்பொடியாக உதிர்கிறது. எனவே முதலில் வெளுப்பவை நர்லிங்கின் கூர்முனைகள், தலைப்பகுதியின் விளிம்பு, கயிறு கோக்கும் துளையின் ஓரம் ஆகியவை. சட்டைப்பையில் மாட்டுவதற்கான எஃகுக் கவ்வி சற்றே சுழலும் இடங்களில் வில்வடிவக் கீறல் ஒன்று விழும். சாவிவளையம் அடிமூடியில் பிறை வடிவில் உலோகத்தைத் திறந்துவிடும். பித்தளைச் சாவி உரசிய இடத்திலோ விளக்கு கீறுபடுவதில்லை. கடினமான ஆக்சைடின் மேல் மென்மையான பித்தளை தேய்ந்து ஒட்டி ஒரு மஞ்சள் கறையை விடுகிறது, அதைத் தேய்த்துத் துடைத்தால் அடியில் படலம் முழுதாக இருக்கும். பழைய டார்ச்சில் மஞ்சள் என்பது முலாம் போனதன் அடையாளம். புதிய விளக்கில் அதே மஞ்சள், படலம் தாக்குப்பிடித்ததன் அடையாளம்.

இப்படலத்தின் பகை காரம். கசியும் ஆல்கலைன் கட்டையின் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஆக்சைடையும் அதன் அடியிலுள்ள அலுமினியத்தையும் கரைத்து, கட்டையைக் குழலோடு பிரிக்க முடியாதபடி இறுக்கிவிடுகிறது. அதே வேதியியலை வேண்டுமென்றே பயன்படுத்தி, காரச் சோடாக் கரைசலில் விளக்கின் உடலை மூழ்கவைத்து நிறத்தை நீக்கி, வெறும் அலுமினியத்தைப் பளபளக்கத் தேய்த்துக்கொள்ளும் ஆர்வலர்களும் உண்டு.

அந்த ஆர்வத்தின் நீட்சியாகவே பூச்சற்ற செம்பு, பித்தளை, டைட்டானியம் விளக்குகள் பின்னர் சந்தைக்கு வந்தன. செம்பு விளக்கு சில வாரங்களில் செம்மை மாறிப் பழுப்பாகிறது. விரல் படும் மேடுகள் மட்டும் மீண்டும் மீண்டும் துலங்க, பள்ளங்கள் கறுக்கின்றன. புளியிட்டுத் துலக்கிய செப்புக்குடத்தைப்போல, புளிப்பான எதையாவது இட்டுத் தேய்த்தால் அது முதல் நாள் நிறத்துக்குத் திரும்பிவிடும். எல்.இ.டி.யின் வெப்பத்தை விளக்கின் உடலே வாங்கி வெளியேற்ற வேண்டியிருப்பதால் செம்புக்கு வேறொரு தகுதியும் உண்டு. வழக்கமான விளக்கு அலுமினியத்தைவிட அது இருமடங்குக்கும் மேலாக வெப்பம் கடத்தும். டைட்டானியம் இதில் மிகவும் பின்தங்கியது. அழகுக்கும் உறுதிக்கும் கொண்டாடப்படும் அது, கடும் ஒளியை நெடுநேரம் தரவேண்டிய விளக்குக்குப் பொருத்தமான உலோகம் அன்று.

வெளியே தெரியும் இத்தேய்மானங்களால் விளக்கின் வேலை கெடுவதில்லை. படலம் போன இடத்தில் அலுமினியம் உடனே தானாக ஒரு மெல்லிய ஆக்சைடைப் பூண்டு, துருப்பிடிக்காமல் சாம்பல் நிறத்தில் நின்றுவிடும். வேலையைக் கெடுப்பது மூடியின் மரையில் நிகழும் தேய்மானம். எண்ணெய்ப்பசையின்றித் திருகினால் அலுமினிய மரைகளும், அவற்றைவிட எளிதாக டைட்டானிய மரைகளும் ஒன்றோடொன்று உராய்ந்து ஒட்டிப் பிய்கின்றன. பிய்ந்த துகள் சாம்பல்நிறச் சேறாகப் படிந்து, மரை வழியே ஓட வேண்டிய மின்னோட்டத்தைத் தடுக்க, விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. அந்தச் சேற்றைத் துணியால் துடைத்தெடுத்துச் சிறிது கிரீஸ் தடவினால், வெளிப்பூச்சு முழுவதும் போன விளக்கும் பழையபடி எரியும்.